தொட்டுக் கிடைத்த தங்கச்சி

12.06.2025, வியாழன்

இன்று ஒரு சிறு பிழை விட்டேன். வகுப்பில் போனில் பெயர் அட்டை செய்யும்போது அம்மாவின் குடியைப் போடாமல் அப்பாவின் குடியைப் போட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்ட பிறகுதான் தெரிந்தது. பெரிய பாதிப்பு எதுவும் வராது என்று நினைக்கிறேன். சனிக்கிழமை வகுப்பில் திருத்தலாம்.

எழுதி முடித்த மதுஷன் ‘சிறு’ என்ற சொல்லை வெட்டினான். வெட்டியது அவசரப்பட்டதோ என்று தோன்றவே, அதையே மேலே திரும்ப எழுதினான். அவன் அப்படித்தான். பகலில் செங்கலடியில் ஓர் உரக்கடையில் வேலை. யாராவது வந்து யூரியா கேட்டால், “யூரியாதானே?” என்று ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் மூட்டையில் கை வைப்பான். பின்னேரம் பஸ் பிடித்து மட்டக்களப்பு நகரத்துக்குக் கணினி வகுப்புக்குப் போவான். திரும்பி வந்ததும் நாட்குறிப்பு.

இப்படி ஒழுங்காக வாழ்கிறவனுக்குத் தன் குடி எதுவென்று தெரியாமல் போனதுதான் வெட்கம். மட்டக்களப்பில் குடி தாய்வழியாக வருவது. தாயின் குடிதான் பிள்ளையின் குடி. ஒரே குடிக்காரர் எல்லோரும் அண்ணன் தங்கை முறை, அவர்களுக்குள் கலியாணம் கிடையாது. தகப்பனின் குடிப் பெண்களோ மச்சாள் முறை. கட்டலாம், கட்டினால் இரண்டு பக்கமும் மனநிறைவாகச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். இது ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். மதுஷனுக்கும் தெரியும். ஆனால் ஒவ்வொரு வைகாசியிலும் கண்ணகை அம்மன் சடங்கில், படையாண்ட குடிக்காரரின் நாளன்று அவனுடைய தகப்பன் அவனையும் கூட்டிக்கொண்டு போய்த் தேங்காய் உரிக்க வைப்பார். வருசா வருசம் உரித்துக் கைகாய்த்த குடி தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று அவன் நம்பிவிட்டான். தாயின் பணிக்கனார் குடிக்கு அவன் ஒரு தேங்காய்கூட உரித்ததில்லை.

குடி போனுக்குள் போன கதை இப்படி.

அன்று வகுப்பில் பர்ஸானா மிஸ் புது வசதி ஒன்றைக் காட்டினார். இந்த வசதி உள்ள இரண்டு போன்களின் தலைகளைக் கிட்டக் கொண்டுபோனால், இவருடைய பெயர் அட்டை அவருக்கும் அவருடையது இவருக்கும் போய்விடும். படம், பெயர், நம்பர், ஊர், நிறுவனம் எல்லாம் ஒரே நொடியில்.

“முட்டத் தேவல்ல, கிட்டக் கொண்டு போனாக் காணும்” என்று மிஸ் சொன்னதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சடங்கின் கொம்பு விளையாட்டில் மரக்கொம்புகளைப் பூட்டி இழுக்க நிற்கிற இரண்டு அணிக்காரர்களைப் போல் ஆளுக்காள் எதிரில் நின்று போனை முட்டினார்கள். பேக்கரி வைத்திருக்கிற ஒருவர் தீப்பெட்டியில் குச்சி உரசுவதுபோல உரசினார். இன்னொருவர் போன் உறைக்குப் பின்னால் ஒட்டியிருந்த வளையத்தோடு முட்டி, எதிராளியின் கண்ணாடியைக் கீறிவிட்டு, “வந்துட்டு, வந்துட்டு” என்றார். வந்தது கீறல்தான்.

இதற்கெல்லாம் முன்பு ஒரு பிரச்சினை. அட்டையில் ‘நிறுவனம்’ என்று ஓர் இடம் இருந்தது. வகுப்பில் பாதிப் பேருக்கு வேலை இல்லை.

“கொம்பனி இல்லாதாக்கள் குடியப் போடுங்க” என்றான் ஏறாவூர் இர்ஷாத். மதுஷனோடு ஒரே பஸ்ஸில் வருகிறவன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன்.

“விசர்க் கதை கதைக்காதீங்க இர்ஷாத்” என்றார் மிஸ். ஆனால் அதற்குள் நாலைந்து பேர் சிரித்துக்கொண்டே குடியை எழுதிவிட்டார்கள். மதுஷனுக்கு வேலை இருந்தது. ஆனால் முதலாளியைக் கேட்காமல் கடைப் பெயரைப் போடலாமா என்று தெரியவில்லை. வெறுமனே விடவும் மனம் வரவில்லை. படையாண்ட குடி என்று போட்டான்.

அந்த அட்டையை முதலில் முட்டியது தனுஷாவின் போனோடு. வவுணதீவுப் பெண். பகலில் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறவள். மாதக்கணக்காக அவளிடம் நம்பர் கேட்க மதுஷன் வாக்கியங்கள் தயாரித்துத் தயாரித்துக் கைவிட்டிருந்தான். இப்போது கேட்காமலே கிடைக்கப் போகிறது. போன்களின் தலைகள் நெருங்கின. இரண்டு திரைகளிலும் வெளிச்சம் ஓடியது. போன் ஒருமுறை அதிர்ந்தது. அந்த அதிர்வு அவனுக்கு முழங்கை வரை ஏறியது. தனுஷா தன் அட்டையில் நிறுவனம் என்ற இடத்தை வெறுமனே விட்டிருந்தாள்.

வகுப்பு முடிந்து வெளியே வந்தால், வாசலில் ஸ்கூட்டியோடு தனுஷாவின் தாய் அன்னப்பூரணி நின்றுகொண்டிருந்தார். புருசன் இல்லாமல் தனியாளாக வயல் செய்கிறவர். வயல் வட்டைக்குள் இறங்கினால் வாய்க்கால் தண்ணீர்கூட அவரைக் கேட்டுத்தான் திரும்பும் என்று சொல்வார்கள். கட்டாரிலிருந்து தங்கை அனுப்பிய இரண்டு போன்களில் ஒன்று மகளிடம், மற்றது இவரிடம். மகள் விசயத்தைச் சொன்னதும், கோயில் தட்டை நீட்டுவதுபோலப் போனை நீட்டிக்கொண்டு வாசலை மறித்தார்.

“எங்க, எல்லாரும் எனக்கும் ஒருக்கா முட்டிட்டுப் போங்க. பொம்புளப் புள்ள பின்னேரம் படிக்க வாறா. ஆரார் கூடப் படிக்கிற எண்டு எனக்கும் தெரியத்தானே வேணும்.”

முட்டாமல் யாரும் வெளியே போக முடியவில்லை. மதுஷனின் முறை வந்தது. அன்னப்பூரணி திரையைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து உரக்க வாசித்தார்.

“மதுஷன். செங்கலடி. படையாண்ட குடி.” நிமிர்ந்து பார்த்தார். “மனே, நீ படையாண்ட குடியா?”

“ஓம் அன்ரி.”

“என்ன அன்ரி? சொந்தக் குடிக்குள்ள அன்ரியாம். பெரியம்மா எண்டு சொல்லு.” மகளிடம் திரும்பினார். “கேட்டியா மகள், இது நம்மட குடிப் பொடியன். உனக்கு அண்ணன் முறை.”

தனுஷா அவனை மேலும் கீழும் பார்த்தாள். “சரி அண்ணா” என்றாள். பாலர் பாடசாலையில் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல நிறுத்தி, தெளிவாகச் சொன்னாள்.

அதுதான் அந்தச் சிறு பிழை.

அன்றிரவே மதுஷன் தன் போனில் குடியைத் திருத்திவிட்டான். திருத்தியதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கினான். சனிக்கிழமை வகுப்பில் இர்ஷாத்தின் போனை வாங்கிப் பார்த்தால், படையாண்ட குடி அப்படியே இருந்தது.

“குடுத்தது குடுத்ததுதான் தம்பி” என்றார் பர்ஸானா மிஸ். “நீங்க உங்கட போனில மாத்தினா உங்கட போனில மட்டும்தான் மாறும். அவங்கட போனிலயும் மாறணும் எண்டா திரும்ப முட்டணும்.”

மதுஷன் ஒழுங்காக, மேசை மேசையாகப் போய் முட்டினான். பேக்கரிக்காரர் மறுபடியும் உரசினார். கண்ணாடி கீறப்பட்டவர் போனைத் தர மறுத்து, பிறகு தானே பிடித்துக்கொண்டு நின்றார். வகுப்பு முழுவதற்கும் மதுஷனின் சரியான குடி போய்ச் சேர்ந்தது. அவர்களில் ஒருவருக்கும் அது தேவைப்படவில்லை. தேவைப்பட்ட இரண்டு போன்களில் ஒன்று தனுஷாவின் கையில் இருந்தது. அவளிடம் போய் நின்றபோதுதான் மதுஷனுக்கு ஒரு விசயம் உறைத்தது. நான் படையாண்ட குடி இல்லை, என் தகப்பன்தான் படையாண்ட குடி என்று சொன்னால், அடுத்த நொடியே அவள் மச்சாள் முறையாகிவிடுவாள். பிழை திருத்தப் போனவன் பெண் கேட்டவனாகிவிடுவான்.

“என்ன அண்ணா?” என்றாள் தனுஷா.

“ஒண்டுமில்ல. சார்ஜர் இரிக்கா எண்டு கேக்க வந்த.”

வெளியே வந்ததும் இர்ஷாத் பிடித்துக்கொண்டான். “மச்சான், நீ ஆசப்பட்ட புள்ளைக்கு நீயே அண்ணன் எண்டு அட்டை அடிச்சிக் குடுத்திருக்காய். இப்பிடி ஒருத்தன நான் கண்டதில்ல.”

“அடுத்த வகுப்பில சொல்லுவன்.”

“நீ சொல்லுவாய். அவட மூத்த புள்ளைக்குக் காது குத்தக்குள்ள, மாமன்காரன்ட மடியில வெச்சிக் குத்துவாங்க, அப்ப சொல்லுவாய்.”

அடுத்த வகுப்பிலும் சொல்லவில்லை. காரணம் நண்டுக்கறி. வாவி நண்டை மிளகு இடித்துப் போட்டுச் சமைத்து, தூக்குச் சட்டியில் கொண்டுவந்திருந்தார் அன்னப்பூரணி. “எனக்கு ஆம்புளப் புள்ள இல்ல மனே. நீ தின்னு” என்றார். வயலுக்குத் தண்ணீர் விடுகிற காலம், இனி ஒவ்வொரு வகுப்புக்கும் வர முடியாது என்றும் சொன்னார். “வகுப்பு முடிய நீதான் தங்கச்சிய பஸ்ஸில ஏத்தி விடணும். வேற ஆரையும் நம்பி விட ஏலா.”

மதுஷன் நண்டின் காலைக் கடித்தபடி தலையாட்டினான். நம்பிக்கைக்குரிய ஒரே ஆளும் நம்பக்கூடாத ஒரே ஆளும் தானே என்று நினைத்துக்கொண்டு அடுத்த காலை எடுத்தான்.

அதன்பிறகு ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் இருவரும் வாவிக்கரை வீதியால் பஸ் நிலையத்துக்கு நடந்தார்கள். நம்பர் கேட்கவே வாய் வராதவனுக்குப் பக்கத்தில், அதே பெண், ஒரு கூச்சமும் இல்லாமல் கதைத்துக்கொண்டு வந்தாள். அண்ணனிடம் என்ன கூச்சம். பாலர் பாடசாலையில் மூக்கு ஒழுகுகிற பிள்ளை தன் சேலையில் துடைத்ததைச் சொன்னாள். தன்னைப் பார்க்க வந்த ஒரு மாப்பிள்ளை வடையைக் கடித்துவிட்டு மிச்சத்தைச் சேட்டுப் பைக்குள் வைத்ததை நடித்துக் காட்டினாள்.

“அண்ணா, கன்னத்தில சோறு.”

“எங்க?”

“மத்தப் பக்கம். உங்கள ஆரு உரக்கடையில வேலைக்கு எடுத்த?”

மதுஷன் சிரித்தான். அண்ணனாக இருப்பதில் இவ்வளவு வசதி இருக்கிறதா என்று ஆச்சரியப்பட்டான். பேசாமல் இப்படியே இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தான். நினைத்ததை நாட்குறிப்பில் எழுதி, இது கோழைத்தனமா, களவா என்று கேள்விக்குறி போட்டு வைத்தான்.

கேள்விக்கு விடை ஸ்கூட்டியில் வந்தது.

“ஞாயித்துக்கிழம மாப்புள ஆக்கள் வாறாங்க” என்றார் அன்னப்பூரணி, ஒரு வியாழக்கிழமை வாசலில் நின்று. “மாங்கேணிப் பக்கம். பொடியன்ட பேரு ரதீஸ். சொந்தமா இஞ்சின் தோணி இரிக்காம். புரோக்கர்மார் சொல்லுறத நம்பேலா. நீதானே அண்ணன். போய் ஒருக்கா விசாரிச்சிட்டு வா மனே. நீ நல்லம் எண்டா எனக்கு நல்லம்.”

தனுஷா ஸ்கூட்டியின் பின்னால் ஏறிக்கொண்டே, “வட தின்பாரா எண்டும் பாத்துட்டு வாங்க அண்ணா” என்றாள். சிரிக்காமல் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் இருவரும் இர்ஷாத்தின் மோட்டார் சைக்கிளில் மாங்கேணிக்குப் போனார்கள். வழி முழுக்க இர்ஷாத் யோசனை சொன்னான்.

“ஒரு பொய் காணும் மச்சான். குடிகாரன் எண்டு சொல்லு. இல்லாட்டி, வாய் நாறுது எண்டு சொல்லு. அத ஆரும் போய்ப் பரிசோதிக்க மாட்டாங்க.”

“முதல்ல போய்ப் பாப்பம்.”

பார்த்ததுதான் பிழை. கடற்கரைத் தேநீர்க் கடையில் விசாரித்தார்கள். ரதீஸ் நல்லவன். அவனோடு வலைத் தகராறு உள்ள ஒருவரே, “வேற ஒரு குறையும் சொல்லேலா, வலை போடுற இடம்தான் எங்களுக்குச் சண்ட” என்றார். கரையில் இஞ்சினைக் கழற்றி வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தான் ரதீஸ். பெண்ணின் அண்ணன் வந்திருக்கிறார் என்றதும் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு எழுந்து, பொரித்த மீனும் தேநீரும் வரவழைத்தான். குடிப்பதில்லை. போனில் கூப்பிட்ட தாய்க்கு மரியாதையாகப் பதில் சொன்னான். பேசும்போது கண்ணைப் பார்த்துப் பேசினான்.

“பல்லும் நேரா இரிக்கி” என்றான் மதுஷன் இர்ஷாத்தின் காதில், துக்கத்தோடு.

“தங்கச்சிக்கு என்ன விருப்பம்?” என்று கேட்டான் ரதீஸ். “வெறுங்கையோட வர எனக்கு விருப்பமில்ல.”

மதுஷனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நாவல்பழம் விருப்பம், மல்லிகை தலையிடி தரும், கறுப்பு நிறச் சேலை என்றால் உயிர். ஒவ்வொன்றாகச் சொன்னான். சொல்லச் சொல்லத் தன் கையிலிருந்ததை வாரி இன்னொருவன் பைக்குள் போடுவதுபோல இருந்தது.

புறப்படும்போது ரதீஸ் போனை எடுத்தான். “நம்பரத் தாங்க மச்சான். இதில முட்டினாலே வரும், உங்களுக்குத் தெரியுமா?”

பெண்ணின் அண்ணனை மாப்பிள்ளை மச்சான் என்று கூப்பிடுவது முறைதான். மதுஷன் பழக்கதோசத்தில் போனை நீட்டினான். இரண்டு தலைகளும் நெருங்கின. வெளிச்சம் ஓடியது. போன் அதிர்ந்தது. ரதீஸ் திரையை வாசித்தான். வாசித்து, நெற்றியைச் சுருக்கி, மறுபடியும் வாசித்தான்.

“நீங்க பணிக்கனார் குடியா?”

மதுஷன் திருத்தியிருந்த அட்டை. வகுப்பு முழுவதும் ஓடி ஓடி, முட்டி முட்டித் திருத்திய அதே அட்டை.

“புள்ள படையாண்ட குடி எண்டு சொன்னாங்க” என்றான் ரதீஸ். “அப்ப நீங்க எப்பிடி அண்ணன்?”

இர்ஷாத் பொரித்த மீனின் முள்ளைக் கவனமாக எடுக்கத் தொடங்கினான்.

மதுஷன் சொன்னான். தேங்காய் உரித்ததிலிருந்து தொடங்கி, நிறுவனம் என்ற இடம், வாசல், நண்டுக்கறி எல்லாவற்றையும் வரிசை மாறாமல் சொன்னான். ரதீஸ் குறுக்கிடாமல் கேட்டான். முடிவில் உதட்டைக் கடித்துக்கொண்டு கடலைப் பார்த்தான். சிரிப்பை அடக்குகிறான் என்று தோள் குலுங்கியதில் தெரிந்தது.

“உங்கட அப்பா படையாண்ட குடி. அப்ப அந்தப் புள்ள உங்களுக்கு மச்சாள்.”

“ஓம்.”

“சொந்த மச்சாளுக்கு மாப்புள பாக்க வந்திரிக்கீங்க.”

“ஓம்.”

“நான் எத்தினையோ விதமான மீன் பாத்திரிக்கன்” என்றான் ரதீஸ். “தானே வந்து வலைய அவுத்து, தன்னையும் கட்டிட்டு, மத்த மீனையும் உள்ள வா எண்டு கூப்பிடுற மீன இண்டைக்குத்தான் பாக்கிறன்.” பிறகு சிரிப்பை நிறுத்தினான். “முறை மச்சான் ஒருத்தன் மனசில வெச்சிக்கிட்டு இரிக்கக்குள்ள நான் வந்து குந்தி வட தின்ன ஏலா. அந்த வீட்டுக்கு உள்ளத நீங்க போய்ச் சொல்லுங்க. சொன்னதுக்குப் பிறகும் அவங்க வரச் சொன்னா, நான் ஞாயித்துக்கிழம பின்னேரம் வருவன். வேணாம் எண்டா எனக்கு ஒரு கோல் அடிங்க. நம்பர் வந்திரிக்கிதானே.”

திரும்பி வரும் வழியில், செங்கலடியை நெருங்கியபோது, இர்ஷாத் சொன்னான். “அவன் நல்லவன் மச்சான். அதுதான் கஷ்டம்.”

சனிக்கிழமை வகுப்பு முடிந்தது. வாவிக்கரை வீதியோரம் மீன்பிடித் தோணிகள் கரைக்கு வந்துகொண்டிருந்தன. தனுஷா வழமைபோல முன்னால் நடந்தாள்.

“மாப்புள எப்பிடி?” என்றாள்.

“நல்ல பொடியன்.”

“அவ்வளவுதானா?”

“மிச்சம் நல்ல பொடியன். ஒரு குறையும் இல்ல. தேடிப் பாத்தன், கிடைக்கல்ல.”

“தேடினீங்களா?”

மதுஷன் நின்றான். தயாரித்து வைத்த வாக்கியங்களை விட்டுவிட்டான். போனை எடுத்து அவள் பக்கம் நீட்டினான். “ஒருக்கா முட்டுங்க.”

“உங்கட நம்பர் இரிக்கே அண்ணா.”

“நம்பர் சரி. மத்ததுதான் பிழை.”

அவள் தன் போனைக் கிட்டக் கொண்டுவந்தாள். வெளிச்சம் ஓடியது. ஏற்கெனவே உள்ள பெயர், மாற்றவா என்று அவளுடைய போன் கேட்டது. மாற்று என்று அழுத்தினாள். பணிக்கனார் குடி என்று வாசித்தாள். அவள் முகம் மாறவில்லை. கணக்குப் போடுகிறவள்போல உதடு மட்டும் அசைந்தது.

“அப்ப படையாண்ட குடி?”

“அப்பா.”

தனுஷா தோணிகளைப் பார்த்தாள். ஒரு தோணிக்காரர் கரையில் நின்றவர்களை நோக்கி விலையைக் கத்திச் சொன்னார். அவள் திரும்பியபோது காது சிவந்திருந்தது, ஆனால் குரல் கோபமாகத்தான் வந்தது.

“எப்ப தெரியும் உங்களுக்கு?”

“முட்டின அண்டைக்கே. வீட்ட போனதும்.”

“அண்டையிலருந்து என்னை அண்ணா, அண்ணா எண்டு கூப்பிட விட்டுட்டு, நண்டும் திண்டுட்டு, பேசாம இருந்தீங்க.”

“சொன்னா, பொம்புள கேக்கிறன் எண்டு நினைப்பீங்க எண்டு பயம்.”

“கேக்கல்லையா?”

மதுஷன் போனைச் சேட்டுப் பைக்குள் போட்டான். “கேக்கிறன்.”

அவள் நடக்கத் தொடங்கினாள். அவன் பின்னால் போனான். வவுணதீவு பஸ்ஸின் படியில் கால் வைத்த பிறகுதான் திரும்பினாள்.

“நான் இப்ப ஒண்டும் சொல்ல மாட்டன். என்ட போனில மாத்தியாச்சு. அம்மாட போனில இன்னும் பழைய குடிதான் இரிக்கி. அத நான் தொட மாட்டன். உங்களுக்காக நான் போய்ச் சொல்லவும் மாட்டன். நீங்களே வந்து மாத்துங்க. அம்மா ஏசுவா. அடிச்சாலும் அடிப்பா.” கொஞ்சம் நிறுத்தினாள். “மாங்கேணி ஆக்கள் நாளைக்குப் பின்னேரம்தான் வருவாங்க.”

பஸ் புறப்பட்டது. யன்னலுக்கு வந்து, “அம்மாவ இனி அன்ரி எண்டும் கூப்பிடாதீங்க, பெரியம்மா எண்டும் கூப்பிடாதீங்க” என்றாள். பிறகு தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

செங்கலடிக்கு வந்து சேர்ந்ததும் மதுஷன் தாயிடம் எல்லாவற்றையும் சொன்னான். அரிசி களைந்துகொண்டிருந்த தாய் கையை உதறிவிட்டு, “உன்ட குடிய நீ பிழையா எழுதினத்துக்கு நான் வந்து சாட்சி சொல்லணுமா?” என்று கேட்டார். கேட்டுவிட்டு, பெட்டியிலிருந்து நல்ல சேலையை எடுத்து இரவென்றும் பாராமல் கொடியில் காற்றாடப் போட்டார்.

மதுஷன் நாட்குறிப்பை விரித்தான். இன்று பிழை ஏதும் விட்டேனா என்று யோசித்தான். இருக்கலாம் என்று தோன்றியது. அதை விட்டுவிட்டு, அடுத்த நாளுக்குரியதை மட்டும் எழுதினான்.

நாளை காலை அம்மாவைக் கூட்டிக்கொண்டு வவுணதீவுக்குப் போக வேண்டும். முதலில் மன்னிப்புக் கேட்டு, பிறகு அவருடைய போனில் என் குடியைத் திருத்த வேண்டும். ரதீஸ் நல்லவர் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.